லிட்டரக்காவும் கணக்கு சார் வயலும்

லிட்டரக்கா மருந்தடித்த வயலில் பயற்று வேரெல்லாம் குருடாகிவிட்டது என்று முடிவெட்டும் கடையில் பேசிக்கொண்டார்களாம். கேட்டது நானில்லை, பெரியம்மா மகன். சொன்னது யார் என்று அவனுக்கும் தெரியாது. முகமெல்லாம் சோப்பு நுரை, கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தானாம். பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் மட்டும் வந்ததாம்.

“குருடாயிடுச்சுன்னா என்னடா அர்த்தம்?” என்று போனில் கேட்டேன்.

“முடிச்சு இல்லையாம். பயறுன்னா வேர்ல குட்டிக் குட்டியா முடிச்சு இருக்கணுமாமே, ஒண்ணுகூட இல்லையாம். உங்க அக்கா அடிச்ச களை மருந்துல எல்லாம் அவிஞ்சு போச்சாம். இன்னும் அஞ்சு வருஷத்துக்கு அந்த மண்ணுல பயறே ஏறாதாம். ஒரு ஆடு வேற செத்துப்போச்சாம்.”

“ஆடு எப்படிச் செத்துது?”

“அது தெரியல. ஆனா செத்துப்போச்சு.”

நான் இருப்பது வேறு நாட்டில். இரண்டு வாரம் கழித்துப் போக வேண்டிய விடுப்பை முன்னால் இழுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் காலையில் அக்கா வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றேன். அவள் கிணற்றடிக் குழாயில் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பயப்படுறதுக்குன்னே டிக்கெட் எடுத்து வந்தியா?” என்றாள். “அங்க இருந்தே பயந்திருக்கலாமே. செலவு மிச்சம்.”

“ஆடு செத்துப்போச்சுன்னு சொன்னாங்க.”

“ஆடா? நேத்து வரைக்கும் கோழிதானே செத்திருந்துச்சு.”

உள்ளேயிருந்து அத்தான் சிரிப்பது கேட்டது. அக்காவின் கணவர். காய்கறி வேன் ஓட்டுகிறார். “வா வா. உங்க அக்கா பேரு இப்ப ஊர் பூரா மணக்குது,” என்றபடி பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அந்த வீட்டின் முன்னறையில் உட்காரக் கிடைப்பது பாதி இடம்தான். மறுபாதியில் சுவரோரமாக மூன்று முதுகுத் தெளிப்பான்கள் ஆணியில் தொங்கும். அவற்றின் முனையில் மாட்டும் நாசில்களை அளவுவாரியாகப் பழைய மிட்டாய் டப்பாக்களில் போட்டு வைத்திருப்பாள். பூச்சி மருந்துக்கு வட்டமாகத் தூவும் நாசில், களை மருந்துக்கு விசிறிபோல விரிக்கும் நாசில். ஒன்றை மற்றொன்றின் டப்பாவில் போட்டால் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. மருந்து டப்பா எதுவும் வீட்டுக்குள் வராது. அதற்குத் தனியாகப் பின்பக்கம் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி.

லிட்டர் என்பது ஊர் வைத்த பேர். மருந்தடிக்கப் போகும் எந்த வயலிலும் முதலில் வெறும் தண்ணீரை அடித்துப் பார்ப்பாள். இருபது மீட்டரை அளந்து இரண்டு குச்சி நட்டு, டேங்கில் தண்ணீரை நிரப்பி, முதுகில் மாட்டிக்கொண்டு இந்தக் குச்சியிலிருந்து அந்தக் குச்சிக்கு நடப்பாள். பிறகு டேங்கை இறக்கி, எத்தனை லிட்டர் குறைந்திருக்கிறது என்று பார்ப்பாள். மண் பொலபொலப்பாக இருந்தால் கால் புதையும், நடை மெதுவாகும், மருந்து கூடுதலாக விழும். மண் இறுகியிருந்தால் நடை வேகமாகும், மருந்து குறையும். ஆகவே ஒவ்வொரு வயலுக்கும் அவளுடைய நடை வேறு, கலக்கும் அளவு வேறு. ஆரம்பத்தில் வரப்பில் நின்று பார்த்தவர்கள் கிண்டலடித்தார்கள். “களைக்குத் தாகம் எடுத்துச்சா, லிட்டர் லிட்டரா தண்ணி காட்டுறாங்க?” என்று ஒருவர் கேட்டதிலிருந்து பேர் ஒட்டிக்கொண்டது. கிண்டல் போய்விட்டது, பேர் நின்றுவிட்டது. அவளைவிட வயதில் மூத்தவர்களும் இப்போது லிட்டரக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் அவள் கற்றுக்கொண்டது விவசாயக் கல்லூரியின் பரிசோதனைப் பண்ணையில். ஒன்பது வருடம் அங்கே தினக்கூலி. களைக்கொல்லியால் பயறு வகைகளின் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. ஒரே விதையைப் பல பாத்திகளில் விதைப்பார்கள். ஒரு பாத்திக்கு மருந்தே கிடையாது. ஒன்றுக்குச் சொன்ன அளவு, இன்னொன்றுக்கு அதில் பாதி, வேறொன்றுக்கு இரண்டு மடங்கு. இருபதாம் நாள், நாற்பதாம் நாள், அறுபதாம் நாள் பாத்திக்குப் பத்துச் செடி தோண்டி எடுத்து, வேரைக் கழுவி, முடிச்சுகளை எண்ணி, ஒவ்வொன்றையும் பிளேடால் நறுக்கி உள்ளே என்ன நிறம் என்று நோட்டில் எழுத வேண்டும். அந்த வேலை முழுக்க அக்காவுடையது. பட்டம் வாங்கியவர்கள் அவள் எழுதிய எண்களை வைத்துத்தான் கட்டுரை எழுதினார்கள்.

“மருந்து பயறையும் அடிக்கும்,” என்பாள். “இல்லவே இல்லைன்னு சொல்றவன் மருந்து விக்கிறவன். எவ்வளவு அடிக்குது, எத்தனை நாள்ல செடி எழுந்திருக்குதுங்கறதுதான் கேள்வி.”

விமானத்தில் வரும்போது நான் இது பற்றி நாலைந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து, முக்கியமான இடங்களில் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவற்றில் பத்துப் பக்கத்துக்கு இருந்ததை அவள் காலைச் சாப்பாட்டுக்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

“வேர்ல முடிச்சுன்னா அது வாடகைக்கு விட்ட அறை மாதிரி. உள்ள குடியிருக்கிறது கண்ணுக்குத் தெரியாத கிருமி. காத்துல இருக்கிற சத்தைப் பிடிச்சு செடிக்குக் குடுக்கும், அதுதான் வாடகை. பதிலுக்கு செடி மேல இருந்து சர்க்கரை அனுப்பணும். இலைதான் சமையல்கட்டு. இப்ப நான் களை மருந்து அடிக்கிறேன். களை உடம்புல புரதம் கட்டுற வேலை நின்னு போயிடும், பட்டினியில சாகும். பயறு அதே மருந்தை வாங்கி, உடைச்சு, செரிச்சுடும். ஆனா செரிக்கிற வரைக்கும் அதுக்கும் சோர்வு. இலை வெளிறும், வளர்த்தி நிக்கும். சமையல்கட்டு மந்தமானா கீழ குடியிருக்கிறவங்களுக்கும் அரை வயித்துச் சாப்பாடுதான். ரெண்டு மூணு வாரத்துல எல்லாம் சரியாயிடும். அளவு தப்பி ரெண்டு மடங்கு அடிச்சா, சரியாகாது. நானே எண்ணியிருக்கேன். முடிச்சு பாதிக்குப் பாதி போயிடும்.”

“அடிச்சப்புறம் அந்த வயலைப் போய்ப் பார்த்தியா?”

“அடிச்ச எல்லா வயலையும் ஏழாம் நாள் போய்ப் பார்ப்பேன். சார் வயலையும் பார்த்தேன். வெளிறித்தான் இருந்துச்சு, எல்லா வயலும் வெளிறுற மாதிரி. ‘பத்து நாள் பொறுங்க சார்’னு சொல்லிட்டு வந்தேன். அவரு பொறுக்கல.”

சார் என்று அவள் சொன்னவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊருக்கே அவர் கணக்கு சார். ஓய்வுக்குப் பிறகு ஒன்றரை ஏக்கரில் தட்டைப்பயறு போட்டிருக்கிறார். பயற்றின் வேரில் முடிச்சு இருக்க வேண்டும் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்துவிட்டு, வயலுக்குப் போய்ப் பன்னிரண்டு செடிகளைப் பிடுங்கி, செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போய், பயிர் செய்வோர் சங்கத்துச் செயலாளர் மேசையில் விரித்துவிட்டார். கூடவே, அக்கா அடித்த மருந்துதான் காரணம் என்று ஒரு கடிதம். அத்தான் அப்போது அங்கே முட்டைக்கோஸ் மூட்டை இறக்கப் போயிருந்தாராம். சார் பேசியதை அப்படியே நடித்துக் காட்டினார்.

“‘பன்னிரண்டு செடி. முடிச்சு மொத்தம் மூணு. சராசரி கால். செடிக்குக் கால் முடிச்சுன்னு ஒண்ணு உலகத்துல உண்டா, செயலாளரே?’”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன்.

“நான் மூட்டையை எண்ணிட்டிருந்தேன். நடுவுல வாயைத் திறந்தா அதுலயும் சராசரி போட்டுடுவாரு.”

அத்தான் இதை விளையாட்டாகச் சொன்னார். ஆனால் மறுநாள் பத்து மணிக்குச் சங்கத்தில் கூட்டம் இருந்தது. சங்கத்து உறுப்பினர்கள் அறுபத்துமூன்று பேர். அவர்கள் எல்லோருடைய வயலுக்கும் இந்தப் பருவம் முழுக்க மருந்தடிக்கும் வேலையை ஒருவரிடம் மொத்தமாகக் கொடுப்பதாக முடிவு. ஏழு வருடமாகத் தனித்தனியாக அவளைக் கூப்பிட்டு வந்தவர்கள்தான். இப்போது ட்ரோன் வைத்திருக்கும் ஆட்கள் வந்து வானத்திலிருந்து அடித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கூட்டம் அக்காவா ட்ரோனா என்று தீர்மானிக்கும். செயலாளர் அவளைக் கூப்பிட்டு, “நாளைக்கு வரும்போது சார் கடுதாசிக்குப் பதிலோட வாங்க. இல்லேன்னா என் கையில ஒண்ணுமில்ல,” என்று சொல்லியிருந்தார்.

“லேபுக்கு அனுப்பி சர்டிஃபிகேட் வாங்கிடலாம்,” என்றேன். “எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்…”

“தம்பி, ரெண்டு மூணு வாரத்துல சரியாயிடும்னு சொன்னேனே, உனக்கு நல்ல சேதின்னா காதே கேட்காது போல. லேப் எதுக்கு? மண்வெட்டி இருக்கு, வாளி இருக்கு. சாரும் இன்னைக்குப் பத்தரைக்கு வயலுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு. பூட்ஸ் வேணுமா, செருப்போட வர்றியா?”

*

வயல் கேட்டைத் திறந்துகொண்டு போனபோது சார் ஏற்கனவே வந்து, தன் மொபெட் மேல் குடையை விரித்து வைத்து அதன் நிழலில் நின்றிருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

“யாரும்மா, சாட்சியா?”

“தம்பி சார். வெளிநாட்டுல இருக்கான். வாளி தூக்கறதுக்கு ஆள் வேணும்ல.”

“நல்லது. படிச்சவன் கையில வாளி இருக்கறது ஒரு அழகு.”

பயறு முழங்கால் உயரம். மருந்தடித்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. வரிசைகளுக்கு நடுவில் களைகள் பழுத்துச் சுருண்டு கிடந்தன. பயற்றுச் செடிகளின் அடியிலைகளில் ஒரு மஞ்சள் சாயல் இன்னும் இருந்தது. மேலே புதிதாக வந்த இலைகள் நல்ல பச்சை. அதைப் பார்த்ததும் அக்காவின் தோள் தளர்ந்தது. அப்போதுதான் அதுவரை அது இறுகியிருந்தது எனக்குத் தெரிந்தது.

“அஞ்சு இடத்துல தோண்டுவேன் சார்,” என்றாள். “நடுவுல ஒண்ணு, நாலு மூலையில நாலு. அதுதான் முறை. நீங்க எங்க எடுத்தீங்க?”

“கேட்டுப் பக்கம். உள்ள வரைக்கும் எதுக்கு நடக்கணும்? சோறு வெந்துதான்னு பார்க்க பானை முழுசையுமா கொட்டுவாங்க?”

“சரி, நடுவுல இருந்து வருவோம்.”

வயலின் நடுவுக்குப் போனோம். அங்கே அக்கா முதலில் தோண்டவில்லை. ஒரு செடியின் தண்டைப் பிடித்து, சார் பார்க்கும்படி, மேல்நோக்கி இழுத்தாள். வேர் படபடவென்று அறுந்து கையோடு வந்தது. வேரை உதறிச் சாரிடம் நீட்டினாள். சுத்தமான, மெலிந்த வேர். ஒரு முடிச்சும் இல்லை.

“நான் சொன்னேன்ல?” என்றார் சார்.

“இப்ப இந்தக் குழியில கை விடுங்க சார்.”

அவர் யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, செடி இருந்த குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். அக்கா அந்தக் கையைப் பிடித்து வாளித் தண்ணீருக்குள் மெதுவாக அமிழ்த்தினாள். மண் கரைந்து போனது. அவருடைய உள்ளங்கையில் கடுகும் மிளகுமாகச் சின்னச் சின்ன உருண்டைகள் மிச்சமிருந்தன.

“இது…”

“முடிச்சு சார். காஞ்ச மண்ணுல பிடுங்கினா வேர் வரும், முடிச்சு வராது. மண்ணுலயே கழண்டு நின்னுடும். நீங்க பன்னிரண்டு செடியைப் பிடுங்கி, முடிச்சை எல்லாம் உங்க வயல்லயே விட்டுட்டு, வெறும் வேரைத் தூக்கிட்டுப் போயிருக்கீங்க.”

அடுத்த செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை நட்டு, மண்கட்டியோடு பெயர்த்து, வாளியில் ஊறப் போட்டாள்.  பிறகு விரலால் மண்ணைக் கரைத்துவிட்டு, வேரைத் தூக்கி ஒரு வெள்ளைத் துணியில் விரித்தாள். சார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எண்ணினார். அவர் எண்ணும்போது உதடு அசையவில்லை, வாத்தியார் பழக்கம். முப்பத்தொன்று. திரும்ப எண்ணினார். முப்பத்தொன்று.

அக்கா ஒரு முடிச்சைக் கிள்ளி நகத்தால் பிளந்தாள். உள்ளே இளஞ்சிவப்பு. நகத்தில் ஈரமாக நிறம் ஒட்டியது.

“என்னம்மா இது, ரத்தமா?”

“ரத்தத்துல இருக்கிற சாயத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி. உள்ள சிவப்பு இருந்தா ஆள் வேலை செய்யுது. வெள்ளையா இருந்தா வேலை ஆரம்பிக்கல, இல்ல பட்டினி. பச்சையா இருந்தா ஓய்வு, உங்களை மாதிரி.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். 

தூரத்து மூலைகள் இரண்டிலும் தோண்டினாள். இருபத்தெட்டு, முப்பத்துநான்கு. பிளந்ததெல்லாம் சிவப்பு. மூன்றாவது வேரை எண்ணி முடித்ததும் சார் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“முப்பது வருஷம், ‘வெறும் விடையை எழுதாதே, வழியைக் காட்டு’ன்னு பசங்க முதுகுல போட்டேன். கடைசியில நானே விடையைப் பிடுங்கிட்டு ஓடியிருக்கேன்.”

“பரவால்ல சார். அரை மார்க் குறைச்சுக்குவோம்.”

“முழுசாவே குறைச்சுக்கோ. நாளைக்குக் கூட்டம் வரைக்கும் எதுக்கு இழுக்கணும்? இப்பவே போய் செயலாளர்கிட்ட சொல்லிடறேன். மருந்து மேல தப்பு ஒண்ணுமில்ல, நான்தான் தப்பா எடுத்தேன்னு எழுதிக் கொடுத்து, அந்தக் கடுதாசியைக் கிழிச்சுட்டு வர்றேன். வேலை உனக்குத்தான்னு நானே சொல்வேன்.”

“இன்னும் ரெண்டு மூலை இருக்கு சார்.”

“அம்மா, மூணு புள்ளி ஒரே கோட்டுல விழுந்தாச்சு. நாலாவதைத் தேடறது கோட்டுக்கு மரியாதை இல்ல,” என்று சொல்லிவிட்டு, குடையை மடக்கி, மொபெட்டை உதைத்துக் கிளம்பிப் போனார்.

*

“முடிஞ்சுதுல்ல? போலாமா?” என்றேன்.

“அஞ்சுன்னா அஞ்சு,” என்றாள் அக்கா.

பண்ணையில் இருந்தபோதும் அப்படித்தானாம். மழை பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் மூன்று செடி தோண்டிவிட்டு மிச்சத்தை அதன் சராசரியில் எழுதிவிடுவார்கள். இவள் நனைந்துகொண்டே பத்தையும் தோண்டிவிட்டு வருவாள். இதற்காகவே அவளை நிரந்தரமாக்கியிருக்க வேண்டும். ஆக்கவில்லை. வேலையை விட்டு வரும்போது, “என்ன வேணும் உனக்கு?” என்று அங்கிருந்த பேராசிரியை கேட்டாராம். கழித்துப் போட்டிருந்த ஒரு தெளிப்பானைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். முன்னறைச் சுவரில் தொங்கும் மூன்றில் நடுவில் இருப்பது அது.

வாய்க்கால் பக்கத்து மூலையில் முப்பது. சிவப்பு. கடைசியாகக் கேட்டுப் பக்கத்து மூலைக்கு வந்தோம். சார் செடி பிடுங்கிய குழிகள் வரிசையாகத் தெரிந்தன. அதற்குப் பக்கத்திலேயே ஒரு செடியைத் தோண்டி ஊறப் போட்டு, கரைத்து, துணியில் விரித்தாள்.

முடிச்சு ஆறுதான். எல்லாம் கடுகளவு. ஒன்றைப் பிளந்தாள். பாலில் ஊறிய அரிசிபோல வெள்ளை. இன்னொன்றையும் பிளந்தாள். வெள்ளை.

இரண்டு அடி தள்ளி மற்றொன்றைத் தோண்டினாள். ஐந்து. அதற்கடுத்தது எட்டு, எல்லாம் வெள்ளை. மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு எழுந்து, இந்தத் தடவை இலைகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நடுவயலில் தட்டையாக விரிந்திருந்த இலைகள் இங்கே ஓரம் மேலே ஏறிக் கிண்ணம்போலக் குழிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். நரம்புகள் நெருங்கி நெருங்கி ஓடின. தண்டு ஒரு பக்கமாக முறுக்கியிருந்தது.

அக்கா வரிசைகளைக் குறுக்கே கடந்து நடந்தாள். ஒவ்வொரு வரிசையிலும் நின்று ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது வரிசையில் இலை தட்டையாக, ஒழுங்காக இருந்தது. திரும்பி ஆறாவதற்கு வந்தாள். கிண்ணம். மறுபடி ஏழாவது. தட்டை.

“ஆறு,” என்றாள்.

“என்ன ஆறு?”

“இந்த வயல்ல ஒரு டேங்க் ஆறு வரிசைக்கு வரும். பதினாறு லிட்டர், ஆறு வரிசை. நூத்தியிருபது வரிசைக்கு இருபது டேங்க் அடிச்சேன். கேட்டுல இருந்துதான் ஆரம்பிச்சேன். இது முதல் டேங்க்.”

“பக்கத்து வயல்ல யாராவது அடிச்சு, காத்துல வந்திருக்கலாமே?”

“காத்துல வந்தா கொஞ்சம் கொஞ்சமா குறையும். கத்தரியால வெட்டின மாதிரி ஆறாவதுல நிக்குமா? இது நான்தான்.”

அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கலக்கத்தில் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பவள்போல மண்ணைப் பார்த்துக்கொண்டு, என்ன நடந்திருக்கும் என்று வரிசையாகச் சொன்னாள்.

இந்தக் கிண்ண இலை ஒரே ஒரு வகை மருந்தால்தான் வரும். மக்காச்சோளத்துக்கு அடிக்கும் களைக்கொல்லி. அது அகன்ற இலையுள்ள செடியின் வளர்ச்சியைக் கிறுக்குப் பிடிக்க வைத்துக் கொல்லும். பயற்றுக்கும் அகன்ற இலைதான். அந்த மருந்துக்குப் பயறும் களையும் ஒன்று. அதில் துளி பட்டாலே இலை சுருண்டு, சர்க்கரை கீழே இறங்காமல், வேரில் புது முடிச்சு பிடிக்காது. அதனால்தான் மக்காச்சோளத்துக்கு அடித்த டேங்கைப் பயற்றுக்கு எடுக்கும் முன் இவள் மூன்று முறை கழுவுவாள். நடுவில் ஒரு முறை சலவை சோடா கரைத்து ஊற்றி ஊற வைப்பாள். சார் வயலுக்கு முதல் நாளும் அப்படியே கழுவினாள். ஆனால் மறுநாள் காலையில் மாட்டும்போது டேங்கிலிருந்து கைப்பிடிக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அத்தான் ஓடிப்போய், ரிப்பேர் கடையில் பிரித்துப் போட்டிருந்த சாமான்களிலிருந்து ஒரு குழாய் வாங்கிவந்து கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஊதிப் பார்த்தேன்,” என்றாள். “வெளிச்சத்துல காட்டிப் பார்த்தேன். சுத்தமா இருந்துச்சு. யாரோ மக்காச்சோளத்துக்கு அடிச்ச குழாய். அந்த மருந்தை ரப்பர் குடிச்சு வச்சிருக்கிறது ஊதினா தெரியுமா? டேங்கை மூணு தடவை கழுவின கை, குழாயைக் கழுவல. ராத்திரியே கழுவியாச்சுங்கற நினைப்பு. அளந்து பார்க்க அடிச்ச வெறும் தண்ணிக்கு அசையாததை, முதல் டேங்க் மருந்து உள்ள ஓடிக் கரைச்சு வெளியே கொண்டு வந்துடுச்சு. அதோட குழாய் சுத்தமாயிடுச்சு. ஏழாவது வரிசை தப்பிச்சுது.”

“ஏழாம் நாள் வந்தப்ப பார்க்கலையா?”

“அன்னைக்கு வயல் முழுக்க வெளிறிக் கிடந்துது. எல்லாரும் சோர்ந்திருக்கும்போது யாருக்கு நிஜமாவே காய்ச்சல்னு எப்படித் தெரியும்?”

நான் சாலையைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. சொல்லக் கூடாது என்று தெரிந்தே சொன்னேன்: “அக்கா, சார் நம்பிட்டாரு. பிடுங்கினதாலதான்னு அவரே சொல்றாரு. அவரு எடுத்த பன்னிரண்டும் இந்தப் பக்கம்தான், யாருக்கும் தெரியப் போறதில்ல. நாளைக்குக் கூட்டம் முடியட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாமே.”

அவள் என்னைக் கோபமாகப் பார்ப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தாள்.

“நூத்திப் பதினாலு வரிசை நல்லா இருக்குன்னு நான் சொன்னா அவரு ஏன் நம்பணும்? நான் எண்ணிச் சொல்றேன்ங்கறதால. அதே ஆள் இந்த ஆறை எண்ணாம விட்டா, அந்த நூத்திப் பதினாலும் போச்சு.”

“வேலை ட்ரோன்காரனுக்குப் போயிடும்.”

“போகட்டும், போகாமலும் இருக்கலாம். ஆறு வரிசைக்கு நான் திரும்ப விதைச்சுக் குடுப்பேன். எந்த டேங்க், எந்தக் குழாய், எந்த வரிசைன்னு நின்ன இடத்துல சொல்ல ஒரு ஆள் வேணும்னா அவங்க என்னைத்தான் கூப்பிடணும். மேல பறக்கிறது சொல்லுமா? அதை நாளைக்கு அவங்களே யோசிக்கட்டும். எனக்கு இப்ப அவசரம் அது இல்ல. சார் அங்க போய், மருந்து மேல தப்பே இல்லைன்னு கையெழுத்துப் போடப் போறாரு. நாளைக்கு இந்த இலையை யாராவது பார்த்தா பொய்யன்னு பேர் யாருக்கு வரும்? அவருக்கு. முப்பது வருஷம் வழி காட்டுடான்னு சொன்ன மனுஷனுக்கு.”

கையை வாளியில் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். சாரின் எண்ணை அழுத்தி, ஈரக் கை என்பதால் ஸ்பீக்கரில் போட்டு, என்னிடம் கொடுத்தாள். மணி போனது. முழுவதும் போய் நின்றது.

“வண்டி ஓட்டிட்டிருப்பாரு,” என்றேன். “செயலாளருக்கே போட்டு, சாரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லலாமே.”

“வயல் அவரோடது. அவருக்குத் தெரியறதுக்கு முன்னாடி இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. திரும்பப் போடு.”

போட்டேன். அவள் கிண்ண இலைகள் நாலைந்தைப் பறித்து வெள்ளைத் துணியில் அடுக்கினாள். பிளந்த முடிச்சுகளை அதன்மேல் வைத்து, மடித்து, சட்டைப் பையில் செருகிக்கொண்டாள். இரண்டாம் தடவையும் மணி முழுவதும் போய் நின்றது.

“சங்கத்துக்கு முக்கால் மணி. அவரு ஓட்டற வேகத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல. நாமளும் அங்கயே போவோம்,” என்று சாலையைப் பார்த்தபடி சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, “குழாய் எங்க வாங்கினதுன்னு சார் கேட்டா நானே சொல்லிக்கறேன். நீ நடுவுல அத்தான் பேரை இழுக்காத. வாங்கினது அவரு, கழுவாதது நான்.”

“சரி.”

“திரும்பப் போடு.”

மூன்றாம் தடவை அழைத்தேன். அவள் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள். நான் வாளியை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். மணி போய்க்கொண்டிருந்தது.